ரெண்டர் ஓடுனா தாங்குது, சும்மா இருந்தா விழுது

கேள்வி: அண்ணே வணக்கம், நான் மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன். கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடிட் பண்றதுதான் தொழில். சேத்து வச்ச காசுல ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசசர், 32 ஜிபி ரேம் நாலு, 850 வாட் பவர் சப்ளை போட்டு ஒரு பிசி கட்டுனேன். ரேம் வேகத்த ஏத்துற எக்ஸ்போவுல 6000, வோல்ட்ட கொறைக்கிற கர்வ் ஆப்டிமைசர்ல எல்லா கோருக்கும் (ப்ராசசருக்குள்ள இருக்குற தனித்தனி மூளைங்க) மைனஸ் 30, வீடியோ பாத்துதான் வச்சேன். ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டாலும் தாங்குது, ஆனா ரெண்டர் முடிஞ்சு சும்மா பாட்டு கேட்டுகிட்டு இருக்கும்போது டப்புனு ரீஸ்டார்ட் ஆயிருது. ரெண்டு தடவை புரோஜெக்ட் ஃபைலே திறக்கல. விண்டோஸ் குறிப்பெல்லாம் இருக்குற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு வருது, கடையில பவர் சப்ளைய மாத்த சொல்றாங்க, அறுநூறு வெள்ளி ஆகுமாம். மாத்தவா? ரெண்டர்ல 95 டிகிரி வேற காட்டுது, பயமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த அறுநூறு வெள்ளி இப்போதைக்கு உங்க கையிலயே இருக்கட்டும். 41ன்றது ஒரு நோயோட பேரு இல்ல, மெஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுபோச்சுனு விண்டோஸ் அடுத்த தடவை எழுந்ததும் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். நீங்களே பிளக்க புடுங்குனாலும் அதே 41தான் வரும். பவர் சப்ளை பலம் இல்லாம இருந்தா, ப்ராசசர் மட்டுமே 230 வாட் வரைக்கும் இழுக்குற ரெண்டர்லதான் மொதல்ல விழணும். உங்களுது அங்க தாங்குது, சும்மா இருக்கும்போது விழுது, நீங்க எழுதுன கடிதத்துலயே பாதி பதில் இருக்கு.

மைனஸ் 30னு வச்சீங்களே, அதுல ஒரு எண்ணுக்கு 3லேர்ந்து 5 மில்லிவோல்ட்டுனு ஏஎம்டி சொன்ன கணக்கு, அப்போ 30க்கு ஏறக்குறைய 90லேர்ந்து 150 மில்லிவோல்ட்ட நீங்க ஒவ்வொரு கோர்லயும் புடுங்கிட்டீங்க. ரெண்டர் ஓடும்போது 16 கோரும் சேந்து ஓடுறதால வேகம் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே நிக்கும், அந்த வேகத்துக்கு அந்த வோல்ட் போதும். பிரவுசர்ல ஒரு பக்கத்த திறக்குறீங்க பாருங்க, அப்போ ஒரே ஒரு கோர் 5.7 வரைக்கும் துள்ளி எழும், அங்கதான் வோல்ட் அதிகமா வேணும், அங்கதான் நீங்க கொறச்சது பத்தாம போயி மெஷின் படுத்துருது. அதனாலதான் ரெண்டு மணி நேரம் ரெண்டர் தாங்குச்சு, செட்டிங் நல்லாருக்குனு நினைக்கிறது இந்த விசயத்துல ரொம்ப பேர ஏமாத்திருது.

சந்தேகமா இருந்தா இத பாருங்க. ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பகுதியில 41க்கு பக்கத்துலயே டபிள்யூஎச்இஏ லாகர் 18னு ஹார்ட்வேர் தப்ப சொல்ற குறிப்பு ஒன்னு இருக்கானு தேடுங்க, இருந்தா திறங்க, கீழ ப்ராசசர் ஏபிஐசி ஐடினு ஒரு நம்பர் இருக்கும். உங்க சிப்புல அத ரெண்டால வகுத்து மீதிய விட்டுட்டா எந்த கோர்னு தெரிஞ்சுரும், கோர் எண்ணிக்கை 0லேர்ந்து ஆரம்பிக்கும். ஒரு நண்பரோட பிசிய நான் உக்காந்து பாத்தப்போ அஞ்சு ரீஸ்டார்ட்ல நாலுக்கு ஐடி 4, அதாவது கோர் 2. அந்த ஒரு கோர மட்டும் மைனஸ் 8க்கு கொண்டு வந்தோம், மத்தத மைனஸ் 15ல விட்டோம், அதுக்கப்புறம் அந்த மெஷின் விழவே இல்ல. பெரும்பாலும் நல்லா ஓடுற கோர்தான் கொறைக்க கொறைக்க மொதல்ல அழும், ஏன்னா கம்பெனியே அத அதோட எல்லை ஓரம் வரைக்கும் தள்ளி வச்சிருக்கும். எல்லா கோருக்கும் ஒரே நம்பர் வைக்கிற பழக்கத்த விட்டுருங்க. கோர்சைக்ளர்னு இலவசமா ஒன்னு இருக்கு, கோர் கோரா தனித்தனியா ப்ரைம்95ன்ற கடுமையான சோதனைய ஓட்டி எது சொதப்புதுனு காட்டும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க.

ஆனா எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்குறது அந்த திறக்காத புரோஜெக்ட் ஃபைல்தான். ரீஸ்டார்ட் ஆகும்போது பாதியில அறுந்த ஃபைலாவும் இருக்கலாம், ஆனா ரேம் மேல எனக்கு பலமான சந்தேகம். இந்த ப்ராசசருக்கு ரெண்டு ரேம் போட்டா 5200, நாலு போட்டா வெறும் 3600, இதுதான் ஏஎம்டி பொறுப்பேத்துக்குற வேகம், நீங்க நாலையும் போட்டு 6000ல ஓட்டுறீங்க. டப்பாவுல 6000னு போட்டிருக்கு, உண்மைதான், ஆனா அது ரெண்டா வர்ற செட்டுக்கு போட்டது, ரெண்டு செட் வாங்கி சேத்து வச்சா அந்த வாக்கு செல்லாது. ரேம் தப்பு சத்தம் போடாம ஃபைல கெடுக்கும், ஒரு வீட்டு கல்யாணம் திரும்ப நடக்காது தம்பி. டிடிஆர்5 சிப்புக்குள்ளயே தப்ப திருத்துற வசதி இருக்குனு சொல்வாங்க, அது சிப்புக்கு உள்ளுக்கு மட்டும்தான், ரேம்லேர்ந்து ப்ராசசருக்கு போற வழியில நடக்குற தப்ப அது பிடிக்காது.

அதனால இன்னைக்கே பயாஸ்ல (பிசி எழும்போது திறக்குற செட்டிங் பக்கம்) எக்ஸ்போவ அடைச்சுட்டு, கர்வ் ஆப்டிமைசர 0 ஆக்கிட்டு, பயாஸும் புதுசா இருக்கானு பாருங்க. 2023ல எக்ஸ்போ போட்ட சில 7000 வரிசை சிப்புங்க கருகுனதுக்கப்புறம் ப்ராசசர்ல ரேம கவனிக்கிற பகுதிக்கு போற எஸ்ஓசி வோல்ட்ட 1.3க்கு மேல ஏற விடாம ஏஎம்டி பூட்டுனாங்க, பழைய பயாஸ்ல அந்த பூட்டு இருக்காது. அப்புறம் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ யுஎஸ்பில போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுங்க, 128 ஜிபிக்கு நேரம் எடுக்கத்தான் செய்யும், ஒரே ஒரு தப்பு வந்தாலும் தப்புதான். ஒரு வாரம் விழாம இருந்தா ஒன்னு மட்டும் மாத்துங்க, இன்னொரு வாரம் பாருங்க. ரெண்ட ஒரே நாள்ல மாத்துனா எது கெடுத்துச்சுனு தெரியவே தெரியாது. இப்படி எல்லாம் 0ல இருந்தும் விழுந்தா அப்போ பவர் சப்ளைய பத்தி பேசலாம்.

95 டிகிரிக்கு பயப்படாதீங்க, அந்த சிப்ப அந்த சூட்டுக்குன்னேதான் செஞ்சிருக்காங்க, அங்க போனதும் அதுவே வேகத்த கொறைச்சுக்கும். ஆனா தகரக் கூரைக்கு கீழ மத்தியானம் ரூம் எத்தனை டிகிரி ஏறுதோ அத்தனையும் அப்படியே கேஸுக்குள்ள இருக்குற காத்துலயும் ஏறும். செம்பனை ஆலைக்கு பக்கத்து வீட்டுல ஒரு ரேடியேட்டர கழட்டி பாத்தேன், கரித்தூள் எண்ணெய்ப் பிசுக்கோட துடுப்பு இடுக்குல அப்பி கெடந்துச்சு, ஊதுனா போகல, பிரஷ் போட்டுதான் எடுத்தேன். மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க. சூடு ரொம்ப தொந்தரவா இருந்தா மின்சாரத்த கொறைக்கிற ஈகோ மோட் 105 வாட் வைங்க, ரெண்டர் கொஞ்சம்தான் மெதுவாகும், 105ன்றது பேருக்குதான், ப்ராசசர் இழுக்குற உச்சம் 230 வாட்லேர்ந்து 142 ஆயிரும், ரூம்ல உக்காரலாம்.

கேள்வி: ரேம் வேகத்த ஏத்தி சேவ் பண்ணேன், காத்தாடி சுத்துது, திரை கறுப்பாவே இருக்கு. போர்டு போச்சா அண்ணே? – பீடோர் வாசகர்

பதில்: மொதல்ல பத்து பதினஞ்சு நிமிசம் தொடாம விடுங்க, டிடிஆர்5 மொத தடவ ரேம பழக்கி பாக்க நேரம் எடுக்கும், நடுவுல ஆஃப் பண்ணா திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அப்பயும் வரலனா பிளக்க கழட்டிட்டு, போர்டுல இருக்குற காசு மாதிரி பேட்டரிய எடுத்து அஞ்சு நிமிசம் வெளிய வைங்க, ஒரே ஒரு ரேம மட்டும் போட்டு எழுப்புங்க, எந்த ஓட்டைனு போர்டு புத்தகத்துல படம் இருக்கும். எழுந்துச்சுனா போர்டு நல்லாத்தான் இருக்கு.