கூடாரத்தில் நின்றுபோன வாசிப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் அன்பியத்தில் (பங்கின் அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) ஜனவரியிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் விவிலியம் வாசிக்கிறோம். தொடக்க நூலிலிருந்து கிழமைக்கு நாலு அதிகாரம். யோசேப்பின் கதை வரைக்கும் முற்றம் நிறைந்திருந்தது. 19ஆம் கிழமை, விடுதலைப் பயணம் 26இல், பாலைவனத்தில் இஸ்ரயேலர் வழிபட அமைத்த கூடாரத்தின் திரைகளுக்கும் கொக்கிகளுக்கும் வந்தபோது மூன்று பேர்தான் மிச்சம். கடலுக்குப் போகிறவர்கள் ஒரு கிழமை தவறினால் பிறகு வருவதில்லை. பழைய மொழிபெயர்ப்போடு ஒரு மெதடிஸ்த குடும்பமும் வருவதால் சொற்கள் குழம்புகின்றன. அடுத்து வரும் லேவியர் நூலை விட்டுவிட்டு நற்செய்திக்குப் போய்விடலாமா?

வாசகி, இரணைமாதாநகர்

அன்புள்ள சகோதரி,

போகவேண்டாம். ஆனால் நாலு அதிகாரக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இடம் தேடிப் பிடிக்க உதவும், கதை எங்கே முடிகிறது என்று சொல்லாது. படைப்பின் ஏழாம் நாளே இரண்டாம் அதிகாரத்துக்குள் போய்விட்டது, பாருங்கள்.

விடுதலைப் பயணம் 25 முதல் 31 வரை கூடாரத்தின் திட்டம். 35 முதல் 40 வரை அதே திரைகள், அதே அளவுகள், இம்முறை செய்து முடித்ததாக. நடுவே 32 முதல் 34 வரை பொன் கன்றுக்குட்டி, உடைந்த கட்டளைப் பலகைகள், மோசேயின் மன்றாட்டு, புதிய பலகைகள். உடன்படிக்கை முறிந்த பிறகும் திட்டம் ஒரு முழம் குறையாமல் நிறைவேறுகிறது. இரண்டு முறை சொல்லப்படுவதன் கனம் அதில்தான் இருக்கிறது. நாலு நாலாகப் போனால் முறிவு 21ஆம் கிழமையில் வரும். மேகம் கூடாரத்தை மூடும் 40ஆம் அதிகாரம் 23ஆம் கிழமையில், லேவியர் 1, 2 ஒட்டிக்கொண்டு வரும். யாருக்குத்தான் விளங்கும்?

ஆகவே அடுத்த ஞாயிறு 25:1-9, பிறகு 32, 33, 34 முழுவதும், கடைசியில் 40:34-38. ஏறக்குறைய 25 நிமிட வாசிப்பு. திருப்பலியில் இந்தக் கன்றுக்குட்டிப் பகுதி ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்றில், லூக்கா நற்செய்தி வாசிக்கும் ஆண்டில், பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு வரும். ஏழு வசனம் மட்டும். முதல் வாசகம் பெரும்பாலும் அன்றைய நற்செய்திக்கு ஏற்றபடி எடுக்கப்படுவது. தொடர் வாசிப்பை அதோடு கலக்காதீர்கள்.

லேவியரில் மூன்று கிழமை போதும். 16ஆம் அதிகாரம் (பாவக்கழுவாய் நாளும் இரண்டு ஆட்டுக்கடாக்களும்) நூலின் நடு. அடுத்தது 19, அயலவரை நேசி என்ற கட்டளை இருப்பது இங்கேதான், கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பதற்குப் பக்கத்தில்.

25ஆம் அதிகாரத்துக்கு ஒரு கிழமை முழுதாகக் கொடுங்கள். அது காணியைப் பற்றியது. 7×7 ஆண்டு கழித்து 50ஆம் ஆண்டில் அவரவர் காணிக்கு அவரவர் திரும்புவது, அதுவரை மிச்சமிருக்கும் விளைச்சலை எண்ணி விலை பேசுவது, மதில் சூழ்ந்த நகரில் விற்ற வீட்டை மீட்க மட்டும் ஒரே ஆண்டுத் தவணை. வன்னியில் இதை வாசிக்கத் தொடங்கினால் பத்தாம் வசனத்திலேயே ஒவ்வொருவரும் தங்கள் காணி உறுதியையும் வேலியையும் பேசத் தொடங்குவார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் 8 முதல் 34 வரை வாசித்து முடித்த பிறகு. இல்லாவிட்டால் காணி ஆண்டவருடையது, நீங்கள் அதில் அந்நியரும் விருந்தினருமே என்ற 23ஆம் வசனம் யார் காதிலும் விழாமல் போகும்.

பிறகு எண்ணிக்கை நூலில் 13, 14. இணைச்சட்ட நூலில் 8, 34. ஆறு கிழமையில் ஐந்நூல் (விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள்) முடியும். பழைய கணக்கில் இன்னும் 28 கிழமை. விடுபட்டவற்றை விரும்பியவர்கள் வீட்டில் வாசிக்கட்டும்.

சத்தமாக வாசிக்கும்போது ஒரே மொழிபெயர்ப்பு. மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும். சந்திப்புக் கூடாரமும் ஆசரிப்புக் கூடாரமும் ஒன்று, இரக்கத்தின் இருக்கைதான் கிருபாசனம். இப்படிச் சோடிச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். லேவியரை மெதடிஸ்த குடும்பத்தின் புத்தகத்திலிருந்து, அவர்கள் குரலிலேயே வாசியுங்கள். ஒரு நூல் உங்களுடையது, ஒரு நூல் அவர்களுடையது என்றிருந்தால் அவர்கள் விருந்தாளிகளாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கடலுக்குப் போய் வந்தவரிடம் தவறியதை வாசித்துவரும்படி கேட்காதீர்கள். நிலுவை கூடக்கூட அவர் வரமாட்டார். முதல் ஐந்து நிமிடம் போன கிழமைக் கதையை ஒருவர் புத்தகம் பாராமல் சொல்லட்டும், ஒவ்வொரு முறையும் வேறொருவர். இந்த முறை பொன் கன்றுக்குட்டிக்கு முன்னால் செங்கடலிலிருந்து சீனாய் வரை சொல்லவேண்டியிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.