அப்பா எதில் போனார்?

அன்புள்ள அம்மா,

சில வருடங்களாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். இது என் முதல் கடிதம்.

என் அக்காவுக்கு 41 வயது. கருப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து போன மாதம் ஆபரேஷன் நடந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எம்.எஸ்.எச்.2 என்ற புரதம் இல்லை என்று இருக்கிறது. இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம், முதலில் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், அதில் தெரிந்தால் கூடப்பிறந்தவர்களும் செய்துகொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். எங்கள் அப்பா ஏதோ வயிற்றுப் பிரச்சினையில் 46 வயதில் போய்விட்டார். அவருடைய தங்கை, எங்கள் அத்தை, அவரும் அப்படித்தான். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. இதைக் கிளறினால் குடும்பத்துக்கே பெயர் கெட்டுவிடும் என்கிறார் பெரியப்பா. கடைசித் தங்கைக்கு 26 வயது. அந்த அத்தையின் பையனையே அவளுக்குப் பேசி முடித்திருக்கிறோம். சொந்தத்துக்குள் என்பதால் விஷயம் வெளியே போகாது என்பது ஒரு நிம்மதி.

இந்தப் பரிசோதனை நிஜமாகவே தேவையா, பணம் பறிக்கும் வேலையா? 2022-ல் ஒரு மருந்தால் எல்லோருக்கும் புற்றுநோய் குணமானதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, அது அக்காவுக்குப் பயன்படுமா? பூச்சிமருந்து அடித்த சாப்பாட்டால்தானே இதெல்லாம் வருகிறது? தெரியாமல் இருந்துவிடுவதே நிம்மதி இல்லையா?

க., நாமக்கல்

*

அன்புள்ள க,

முதலில் அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. நம் வீட்டுப் பெண்கள் இரண்டாவது வாரமே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடுவார்கள். பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

கடிதங்களுக்கு உடனே பதில் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு உட்கார்ந்ததற்கு, கடைசியில் நீங்கள் அடுக்கியிருக்கும் கேள்விகள் காரணமில்லை. போகிற போக்கில் 'வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்களே, அதுதான் காரணம். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1895-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில், ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருநாள் முகம் வாடி இருந்தார். என்ன என்று கேட்டதற்கு, தான் சின்ன வயதிலேயே செத்துவிடுவேன் என்றாராம். குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாவேன், எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் போகிறார்கள் என்று. அவர் சொன்னபடியே ஆயிற்று. கருப்பைப் புற்றுநோயில் இளவயதிலேயே இறந்துபோனார். வார்தின் அந்தக் குடும்பத்தின் சாவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து 1913-ல் வெளியிட்டார். மருத்துவ நூல்களில் அது 'ஜி குடும்பம்'. வார்தினை அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் 1962. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் ஹென்றி லின்ச் என்ற இளம் டாக்டர். அவரிடம் வந்தவர் குடித்துக் குடித்துக் கைநடுக்கம் கண்ட ஓர் ஆள். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்றால், எப்படியும் குடலில் புற்று வந்து சாகத்தான் போகிறேன், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செத்தார்கள் என்கிறார். லின்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். பரம்பரையாக வரும் இந்தக் கோளாறுக்கு இன்று அவர் பெயர்தான், லின்ச் சிண்ட்ரோம். இது பரம்பரை நோய் என்று சொன்னதற்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. விவசாயக் குடும்பம்தானே, வயலில் அடிக்கும் பூச்சிமருந்தாக இருக்கும் என்று ஒதுக்கினார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டுக்குள் போய்க் கிழங்கு தின்று வாழ்ந்தாலும் உங்கள் ஒவ்வொரு செல்லிலும் தினமும் சுமார் 10,000 இடங்களில் டிஎன்ஏவின் எழுத்துகள் தாமாகவே உதிரும். இப்படி டிஎன்ஏ தானாகவே சிதைகிறது, செல் அதை விடாமல் பழுதுபார்க்கிறது என்று காட்டியவர்களில் முதன்மையானவர் தாமஸ் லிண்டால். அதற்காக அவருக்கு 2015-ல் நோபல் கிடைத்தது. அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான பால் மோட்ரிச்தான் உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்.

நான் கொஞ்ச காலம் ஒரு வார இதழில் மெய்ப்புப் பார்த்தவள். செல் பிரியும்போது 600 கோடி எழுத்துகளைப் பார்த்து எழுத வேண்டும். எழுதும் நொதி சுமார் லட்சத்துக்கு ஒன்று தப்பு விடுகிறது. பெரும்பாலானவற்றை அதுவே திருத்திக்கொள்ளும். அதையும் தாண்டித் தங்குகிற பிழையைப் பிடிக்கத்தான் எம்.எஸ்.எச்.2 இருக்கும் திருத்தக் குழு. இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று காட்டியவர்தான் மோட்ரிச். அச்சுக் கோப்பவர் எங்கே தடுமாறுவார் தெரியுமா? கடினமான சொல்லில் அல்ல, ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடத்தில். டிஎன்ஏவிலும் அப்படித்தான். பாட்-26 என்று ஓர் இடம் இருக்கிறது. 26 'ஏ' வரிசையாக நிற்கும். திருத்துபவர் இல்லாத கட்டியில் பார்த்தால் அதில் சில எழுத்துகள் காணாமல் போயிருக்கும். 1993-ல் குடல் கட்டிகளில் இந்தக் கோளாறைப் பார்த்தார்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் திருத்தும் மரபணுவைக் கெடுத்தாலும் அச்சு அசலாக இதே கோளாறு வருவதை வேறு சிலர் காட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எம்.எஸ்.எச்.2 மரபணு கையில் கிடைத்துவிட்டது. தையல்காரப் பெண்ணின் குடும்பத்திலும் பழுது அதே மரபணுவில்தான் என்று பிறகு தெரிந்தது. நூறு வருடம் கழித்து விஞ்ஞானம் கண்டுபிடித்த செய்தியின் முக்கால்வாசியை அவர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

அவர் குடும்பத்தில் சாவைப் பற்றிப் பேசினார்கள், க. உங்கள் குடும்பத்தில் பேசவில்லை. எனக்கு உறைப்பது இதுதான்.

என் பெரிய மாமாவுக்கென்று அடுப்படியில் தனித் தட்டு, தனி டம்ளர் இருந்தது. எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், தப்பித்தவறிக்கூட நாங்கள் எடுத்துவிடக் கூடாது என்று. என்ன வியாதி என்று கேட்டால் குடல்புண் என்பார்கள். ஒட்டிக்கொள்ளாத நோய்க்குத் தனி டம்ளர் வைத்த வீடு, நோயின் பெயரை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எத்தனையோ வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தி சொன்னார்: "அண்ணனுக்குக் கரண்ட் வைக்க மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் வந்ததுல பாதி நிலம் போச்சு." கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் சொல்கிறார். நிலம் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மாமா எதில் போனார் என்பதை வெங்காயம் உரிக்கும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது.

தாலுகா ஆபீஸிலோ நகராட்சியிலோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நம் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. பதிவேட்டில் இருந்தாலும் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. ஆகவே எழுபது தாண்டிய கிழவிகள்தான் நமக்கிருக்கும் ஒரே ஆவணக் காப்பகம். அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. குலதெய்வம் கோயில் எந்த ஊரில், முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் நமக்கு ஏழு தலைமுறைக்குத் தெரியும். தாத்தா எதில் செத்தார் என்று கேட்டால் முழிப்போம்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'புற்றுநோயா?' என்று நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அடையாறுக்குப் போனார்களா, கரண்ட் வைத்தார்களா, கர்ப்பப்பையை எடுத்தார்களா, மலத்தில் ரத்தம் போனதா, அப்போது கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். பிள்ளையின் வயதிலிருந்து இறந்தவரின் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வயது முக்கியம். 80-ல் வரும் குடல் புற்றும் 46-ல் வரும் குடல் புற்றும் ஒரே கதை சொல்வதில்லை. அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் கேளுங்கள். கருப்பை விஷயம்தானே, அம்மா வழியில்தான் வந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். இது ஆண் வழியாகவும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். உங்கள் அப்பா உங்களுக்கும் கொடுத்திருக்கலாம். அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். கருப்பை இல்லாதவருக்கும் குடல் இருக்கிறது.

பெரியப்பாவின் பயத்தை அடியோடு மறுக்கமாட்டேன். அந்த வார்தினே இனமேம்பாட்டுக் கொள்கையின் பக்கம் சாய்ந்தவர்தான். இப்படிப்பட்ட குடும்பங்களை மட்டமான வித்து என்று பார்த்த காலம் அது. உண்மையைச் சொன்னால் ஊர் அதைத் தவறாகப் பயன்படுத்தும் என்ற அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. அதற்காக ஊரிடம் மறைத்தால் எனக்குப் புரிகிறது. சொந்தப் பிள்ளைகளிடம் ஏன் மறைத்தார்?

சரி, உங்கள் கேள்விகள். மருந்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருமுறை இப்படிப்பட்ட ஸ்லைடு ஒன்றை நுண்ணோக்கியில் காட்டினார். புரதம் இருக்கிற செல்லின் உட்கரு பழுப்பாகச் சாயம் ஏறும், இல்லாதது நீலமாக நிற்கும். கட்டி முழுக்க வெளிறிய நீலம். அதன் இடுக்குகளிலெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் மொய்த்துக்கிடந்தன. அவை நோய் எதிர்ப்பு செல்கள், கட்டியைச் சூழ்ந்தும் அடிக்க முடியாமல் நிற்பவை. திருத்துபவர் இல்லாத கட்டியில் பிழைகள் குவிவதால் அது உடம்புக்கே அந்நியமாகத் தெரிகிறது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் இத்தகைய கட்டிகளில் சராசரியாக 1,782 பிழைகள், திருத்தம் ஒழுங்காக நடக்கும் கட்டிகளில் 73. அந்நியன் என்று தெரிந்தும் கைவைக்க விடாமல் ஒரு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்தான் பெம்ப்ரோலிசுமாபும், நீங்கள் கேட்கும் டோஸ்டார்லிமாபும். எந்த உறுப்பில் கட்டி என்று பார்க்காமல், திருத்தக் கோளாறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து 2017-ல் அமெரிக்கா முதன்முதலாக ஒரு புற்றுநோய் மருந்துக்கு அனுமதி கொடுத்தது இப்படித்தான். கெடுத்த பழுதே சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறது.

வாட்ஸ்அப்பில் வந்த '100 சதவீதம்' பொய்யில்லை. நியூயார்க்கில் அந்த முதல் முடிவில் இருந்தவர்கள் 12 பேர். எல்லோருக்கும் இந்தத் திருத்தக் கோளாறு இருந்த மலக்குடல் புற்று, அந்த 12 பேருக்கும் கட்டி மறைந்தது. மலக்குடல் புற்று உள்ளவர்களில் இந்தக் கோளாறு இருப்பவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள் என்பதை மட்டும் அனுப்பியவர் வெட்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் செய்திக்கு ஒரு வருடம் முன்பே, 2021-ல், அதே மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது கருப்பையின் உட்சுவர்ப் புற்றுக்குத்தான். ஆனால் முற்றிய, திரும்பி வந்த நோய்க்கு. ஆரம்ப நிலையில் பிடித்திருந்தால் ஆபரேஷனே பெரும்பாலும் போதும். விலையும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை உட்கார வைத்துவிடும். அக்காவுக்குத் தேவையா என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும். பணம் பறிக்கும் ஆள் என்று நீங்கள் சந்தேகப்படும் அதே டாக்டர்தான், ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்து உங்கள் குடும்பத்தையே யோசித்திருக்கிறார். எல்லோரும் அதைச் செய்வதில்லை.

தெரியாமல் இருப்பது நிம்மதியா? பின்லாந்தில் இப்படிப்பட்ட குடும்பங்களை 15 வருடம் கவனித்தார்கள். ஒழுங்காகக் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டவர்களுக்குக் குடல் புற்று 62 சதவீதம் குறைந்தது. கட்டியாகும் முன்பே சதைமுளையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பழுது இருப்பவர்களுக்கு 20, 25 வயதிலேயே இதைத் தொடங்கி வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ செய்யச் சொல்கிறார்கள். உங்கள் தங்கைக்கு 26.

தங்கை என்றதும்தான் எனக்குக் கோபம் வருகிறது. 'அத்தை பையனையே பேசியிருக்கிறோம், வெளியே போகாது, நிம்மதி' என்று எழுதுகிறீர்கள். யார் அந்த அத்தை? அப்பாவைப் போலவே போனவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அத்தைக்கு இந்தப் பழுது இருந்திருந்தால் அவர் பையனுக்கும் பாதிக்குப் பாதி, அப்பாவுக்கு இருந்திருந்தால் உங்கள் தங்கைக்கும் பாதிக்குப் பாதி. இருவருக்குமே இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், அப்பா தருவது, அம்மா தருவது என்று அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக வரும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூளைக்கட்டியும் ரத்தப் புற்றும் குடல் புற்றும் பள்ளிக்கூட வயதிலேயே வருகின்றன. வேற்றாளைக் கட்டினால் அநேகமாக இல்லாத ஆபத்து இது. சொந்தத்துக்குள் என்று நிம்மதிப்படுகிறீர்களே!

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை, பெரியப்பாவின் வேலையும் இல்லை. அக்காவின் ரத்தம் முதலில் போகட்டும். அதில் எந்த எழுத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அப்புறம் நீங்கள், தங்கை, அத்தை பையன். மரபணு ஆலோசகர் ஒருவரிடம் அந்த இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். முடிவு என்ன வந்தாலும் என்ன செய்யலாம் என்று அவர் சொல்வார்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். பெரியப்பா என்ன சொன்னார் என்று இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. தங்கை என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.