இணையத்தில் கிடக்கும் என் எண்ணை எப்படி எடுப்பது?

கேள்வி: முன்பு வீட்டில் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்போது ஒரு முகவை (ஆசிரியர்களைத் தேடித் தரும் நிறுவனம்) தன் இணையத்தளத்தில் என் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் போட்டது. வகுப்பை நிறுத்திப் பல வருடமாகியும் கூகலில் தேடினால் அது வருகிறது. கடன் வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் ஓயாத தொல்லை. மாதக் கட்டணத்துக்கு எல்லாவற்றையும் அகற்றித் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா? — ஈசூன் வாசகி

பதில்: கட்ட வேண்டாம். அத்தகைய சேவைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் ஆட்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் தளங்களுக்காக உருவானவை. உங்கள் விவரம் இருப்பது உள்ளூர் முகவையிடம். அதைச் செலவில்லாமல் நீங்களே எடுக்க வைக்கலாம்.

பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முகவையின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்படி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிடுவது சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. “என் பெயர், எண், முகவரியை வெளியிடத் தந்த சம்மதத்தை மீட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து அகற்றிவிட்டுத் தெரிவியுங்கள்.” இவ்வளவு போதும். வெறுமனே ‘அழித்துவிடுங்கள்’ என்று எழுதாதீர்கள். அழிக்கச் சொல்லும் உரிமை நம் சட்டத்தில் தனியாக இல்லை. சம்மதத்தை மீட்கும் உரிமை இருக்கிறது. கணக்கு வழக்குக்காக அவர்கள் ஒரு பிரதியை உள்ளே வைத்திருக்கலாம், ஆனால் ஊர் பார்க்கப் போட்டுவைக்க முடியாது. பத்து வேலை நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுங்கள்.

ஒன்று முக்கியம். நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த அடையாள அட்டைப் படம் கேட்டால் அனுப்பாதீர்கள். பட்டியலில் உள்ள எண்ணுக்கே அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இதுபோன்ற வேலைக்கெல்லாம் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

பக்கம் போனபிறகும் கூகலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகல் படிவத்தை நிரப்புங்கள். முகவையை விட்டுவிட்டு கூகலில் மட்டும் எடுத்துப் பயனில்லை. பொதுவில் கிடக்கும் தகவலைச் சம்மதம் கேட்காமலே மற்றவர்கள் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

சரி, அந்தக் கடன் செய்திகள்? உரிமம் பெற்ற கடன்கொடுப்போருக்குக்கூட அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை. ஆகவே உங்களைத் தேடி வருபவர்கள் சட்டவிரோதக் கும்பலாகவோ மோசடிக்காரர்களாகவோதான் இருப்பார்கள். ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் எண்ணை இலவசமாகப் பதியுங்கள், மற்ற விற்பனை அழைப்புகள் குறையும். இவர்கள் அதை மதிக்கமாட்டார்கள். ‘வேண்டாம்’ என்றுகூடப் பதில் போடாமல் எண்ணைத் தடுத்துவிட்டு, மோசடிகளைத் தடுக்க உதவும் அரசாங்கத்தின் ஸ்கேம்‌ஷீல்டு செயலியில் புகார் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அதன் உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.