கோக்டவுனை எப்படி எழுதுவது?

கேள்வி: டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஊர்ச் சித்திரிப்பு தொழில்மயத்தை எப்படி விமர்சிக்கிறது? தேர்வுக்கு வேண்டும்.
– பி.ஏ. ஆங்கில மாணவி, மார்த்தாண்டம்

பதில்: முதல் பாகம் 5-ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்; பாதி விடை அங்கேயே கிடக்கிறது. நாவல் நடக்கும் கற்பனைத் தொழில் நகரான கோக்டவுன் ஒரு செங்கல் ஊர், புகையும் சாம்பலும் அப்பிக் கறுத்திருக்கிறது. கால்வாய் கறுப்பு. ஆறு சாயத்தால் ஊதா, நாற்றம் வேறு. நீராவி இயந்திரத்தின் பிஸ்டன், சோகப் பித்துப் பிடித்த யானையின் தலைபோல் ஓயாமல் ஏறி இறங்குகிறது. சிறை எது, மருத்துவமனை எது என்று பிரித்தறிய முடியாது. இந்த வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் மாசு என்று எழுதி நிறுத்தினால் விடை பாதியில் நிற்கும். மூடாமல் கைவிட்ட சுரங்கக்குழியில் நெசவாலைத் தொழிலாளி ஸ்டீபன் விழுந்து, தூக்கியெடுத்த பின் இறப்பதைக் கட்டாயம் சேருங்கள். அங்கே நிலமே ஆளை விழுங்குகிறது. 1854-இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் நடந்த நெசவாலை வேலைநிறுத்தத்தை டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்ததற்கு ஒரு வரி போதும்.