நாலு மாதம் மிச்சமிருக்கும் பாஸ்போர்ட் போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போகவேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. விசா கிடைக்குமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். அங்கே இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லவேண்டும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'ரீ-இஷ்யூ' விண்ணப்பம் போட்டு, 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் மையத்தில் நேரம் எடுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் அசல் கையில் இருக்கட்டும்.

நம் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுவது இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போடமுடியாது, விரித்துத்தான் எழுதவேண்டும். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே விசா படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் இருக்கவேண்டும். டிக்கெட் போடுபவர் பக்கத்தில் நின்று சரிபாருங்கள், அம்மா.

புது எண் வந்த பிறகே விசா. பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக, 14ஏ படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. போட்டோ வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிக் கொடுக்காதீர்கள்.

கிளம்புமுன் மூன்று நாளுக்குள் சிங்கப்பூருக்குள் நுழைபவர் தரவேண்டிய விவரப் படிவமான 'அரைவல் கார்டை' இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே வெளியேறிவிடுங்கள்.