ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் தரமானதா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பார்ப்பது ஒரே ஒரு கணக்குதான்: ஒரு கற்றை முடி நேராக எத்தனை முறை இழுக்க வேண்டியிருக்கிறது? ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை என்றால் நல்ல ஸ்ட்ரெய்ட்னர். நான்கைந்து முறை என்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் தண்டம்.

இது எனக்குப் புரிவதற்குள் இரண்டு ஸ்ட்ரெய்ட்னர் வீணாயின. எனக்குச் சுருட்டை முடி, அடர்த்தியும் அதிகம். முதலில் வாங்கியதன் பெட்டியில் டைட்டானியம், நானோ, அயானிக், 230 டிகிரி என்று இடம் விடாமல் அச்சடித்திருந்தார்கள். எட்டே மாதத்தில் பிளேட் ஓரத்தில் பூச்சு உரிந்தது. உரிந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு மூன்று முடி கையோடு வந்தது. இரண்டாவதில் பூச்சு நன்றாகவே இருந்தது. ஆனால் மூடினால் நுனியில் மட்டும் பிளேட்டுகள் ஒட்டும்; கைப்பிடிப் பக்கம் மயிரிழை அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி வழியாக என் சுருட்டை முடி சுருட்டையாகவே வெளியே வந்துகொண்டிருந்தது.

இழுப்பின் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விடுபட்டு, ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. ஸ்ட்ரெய்ட்னர் செய்கிற வேலை அவ்வளவுதான். தண்ணீர் பட்டாலோ, காற்றில் ஈரப்பதம் கூடினாலோ அதே பிணைப்புகள் மறுபடி அவிழ்ந்து சுருட்டை திரும்பிவிடும். (அதனால், 'நிரந்தரமாக நேராகும்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.) பிளேட்டின் எல்லா இடத்திலும் சூடும் அழுத்தமும் ஒரே சீராக இருந்தால் ஒரே இழுப்பில் இது நடந்துவிடும். சீராக இல்லையென்றால், நேராகாத பத்து முடிக்காக ஏற்கெனவே நேரான தொண்ணூறு முடியையும் மறுபடி சுடுகிறோம். நுனி பிளந்து, முடி வைக்கோல் மாதிரி ஆவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்து, 230 டிகிரி. அதைத் தரத்தின் அடையாளம் என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். உலர்ந்த முடியின் கெரட்டின் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் உருக்குலையத் தொடங்குகிறது. அதாவது அந்த எண், போகக்கூடாத எல்லை. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண முடிக்கு 160 முதல் 180. என்னைப் போல முரட்டு முடிக்கு 190 போதும். ஜிஎச்டி என்ற பிராண்டு தன் பல மாடல்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியே வைக்காமல் 185 டிகிரியில் நிறுத்தியிருக்கிறது. அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, ஆனால் அந்த முடிவு யோசித்து எடுத்தது. அப்படி ஒரே சூட்டில் நிறுத்தாத வேறு எதை வாங்கினாலும், சூட்டை மாற்றும் வசதி கட்டாயம் இருக்கட்டும். 'ஆன், ஆஃப்' மட்டும் இருந்து, எத்தனை டிகிரி என்றும் எங்கேயும் போடாததை வாங்கவே வேண்டாம்.

பிளேட் விஷயத்தில் வார்த்தை ஜாலம் அதிகம். செராமிக் என்று விற்பதில் பெரும்பாலானவை அலுமினியத்தின் மேல் செராமிக் பூச்சு பூசியவை. பூச்சு என்பதாலேயே தரம் குறைந்தது என்று இல்லை. மெல்லிய பூச்சு என்றால் சீக்கிரம் தேயும், கீறும். டைட்டானியமும் பல சமயம் பூச்சுதான். 'டைட்டானியம் வெப்பத்தைச் சட்டென்று கடத்தும்' என்று விளம்பரத்தில் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். உண்மையில் வெப்பம் கடத்துவதில் அலுமினியத்தின் பக்கத்தில்கூட டைட்டானியம் நிற்க முடியாது. சீக்கிரம் சூடேறுகிறது என்றால் அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹீட்டரும் அதன் சென்சாரும். அந்தச் சென்சார் நன்றாக இருந்தால்தான் முடி பட்டுச் சூடு இறங்கியதும் உடனே ஈடுகட்டும். வாட்ஸ் அதிகம் என்பதற்கும் சூடு அதிகம் என்பதற்கும் சம்பந்தமில்லை. இறங்கிய சூடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதோடுதான் அதற்குச் சம்பந்தம்.

கடையிலேயே, கரண்ட் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பிளேட்டுகளுக்கு நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தை நுனியில், நடுவில், கைப்பிடிப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். மூன்று இடத்திலும் பிடி ஒரே மாதிரி இருக்க வேண்டும். விரலால் பிளேட்டை அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப வருகிறதா? ஸ்பிரிங் மேல் மிதக்கிற அந்த வகை, கற்றை தடிமனாகவோ மெல்லியதாகவோ இருந்தாலும் ஒத்துக்கொடுக்கும். கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடக்கூடாது. ஒயர் கைப்பிடியில் நுழைகிற இடம் சுழல வேண்டும், இல்லையென்றால் முறுக்கி முறுக்கி முதலில் அறுவது அந்த இடம்தான்.

வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் தலையில் வைத்தே பார்த்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த முடியில், ஒரு விரல் அகலக் கற்றை எடுத்து, மெதுவாக ஒரே ஒரு இழுப்பு. 'உஸ்' என்று சத்தம் வந்தால் முடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழாகி அந்த இடத்திலேயே முடி உடையும். முதல் தடவை லேசான வாடை வருவது சகஜம். நான்காவது தடவையும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் திருப்பிவிடுங்கள்.

அத்தை மகன் ஒருமுறை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, டிஸ்பிளேயில் 180 காட்டிய என் முதல் ஸ்ட்ரெய்ட்னரை அளந்து, 'தொண்ணூறுதான் இருக்கிறது' என்று தீர்ப்புச் சொன்னான். பளபளக்கும் உலோகத்தை அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். நான் அப்படிச் சொன்னதை நம்பாமல் விரலை வைத்துப் பார்த்தான், கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது.

காசு எதற்குக் கூடக் கொடுக்கலாம் என்றால், தானாக அணையும் வசதிக்கும் உருப்படியான வாரண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். அயான், டூர்மலின், நானோ என்று பெட்டியில் போடும் விளம்பர வார்த்தை எதற்கும் ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டேன். வெளிநாடு போகிறவர் என்றால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிறதா என்று பாருங்கள். அகலம்? குட்டை முடிக்கு ஒரு அங்குலம் வசதி, இடுப்பு வரை இருந்தால் ஒன்றரை.

என் மூன்றாவது ஸ்ட்ரெய்ட்னரில் டிஸ்பிளேகூட கிடையாது. ஐந்து சூட்டு நிலை, மிதக்கும் பிளேட், அவ்வளவுதான். நாலு வருஷமாக ஒரே இழுப்பில் வேலை முடிகிறது. இரண்டாவதையும் தூக்கிப் போடவில்லை. அவசரத்துக்குச் சட்டைக் காலர் தேய்க்க வைத்திருக்கிறேன், காலரை நான்கு தடவை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது.