ஸ்டோர்மேனுக்கு எதற்குப் பாராசூட்? – கேள்வி பதில்

ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு பாரா யூனிட்டுக்கு, அதாவது பாராசூட்டில் குதித்து இறங்குகிற படைப்பிரிவுக்கு, போனவன் நான். ஸ்பேனரையும் பாராசூட்டையும் சேர்த்தே பல வருடம் சுமந்திருக்கிறேன். நேரடிச் சண்டையில் இல்லாத வேலைக்காரர்களுக்கு ஜம்ப் பயிற்சி தேவைதானா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டோரில் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. பாரா கோர்ஸுக்கு ஆள் கேட்கிறார்கள். பெயர் கொடுக்கலாமா அண்ணா?

கோர்ஸ் முடிந்ததும் எந்த யூனிட்டுக்குப் போகப் போகிறீர்கள் தம்பி? அது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாராசூட் என்பது வேலைக்குப் போய்ச் சேருகிற ஒரு வழி, அவ்வளவுதான். உங்கள் யூனிட் வானத்திலிருந்து இறங்குகிற யூனிட் என்றால் ஸ்டோர்மேனும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிய முதல் மணி நேரத்தில் குண்டு, தண்ணீர், பேட்டரி எல்லாம் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் அங்கே நீங்கள்தான். கோர்ஸ் முடித்து மறுபடியும் பழைய டிப்போவுக்கே திரும்புவதாக இருந்தால், சட்டையில் விங்ஸ், அதாவது குதிக்கத் தெரிந்தவன் என்று காட்டும் இறக்கை பேட்ஜ், அழகாக இருக்கும்; வேறு பலன் இல்லை.

மெக்கானிக் ஏன் சார் குதிக்க வேண்டும்? பின்னால் ரோட்டில் வந்தால் போதாதா?

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். ஒரு பயிற்சியில் பாடம் கிடைத்தது. ஜீப்பை ஒரு பலகை மேடையில் வைத்துக் கட்டி, தனிப் பாராசூட்களில் போடுவார்கள். இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்க, வண்டிக்கு அடியில் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் அட்டையை அடுக்கியிருப்பார்கள். அன்று காற்று மேடையைச் சாய்த்து இழுத்துவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஜீப் ஒரு பக்கம் படுத்திருக்கிறது, நசுங்கிய அட்டை சக்கரத்துக்குள் சிக்கியிருக்கிறது, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். பட்டைகளை அறுத்து, அட்டையைப் பிய்த்தெடுத்து, ஒழுகிய இடத்தை அடைத்து வண்டியைக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஜீப்தான் வயர்லெஸ் செட்டைச் சுமக்க வேண்டிய வண்டி. ரோடு வழியாக வந்த ஒர்க்‌ஷாப் கோஷ்டி எங்களை எட்டியது இரண்டாம் நாள் சாயங்காலம். அதுவரை கமாண்டர் யாரிடம் பேசுவார்?

இதெல்லாம் கதை. கிளார்க், சமையல்காரர் எல்லாரையும் குதிக்க வைப்பது வீண் செலவு. நிஜப் போரில் எத்தனை முறை குதித்தார்கள்?

கோபப்படாதீர்கள், பாதிக்குப் பாதி நீங்கள் சொல்வது சரி. பெரிய அளவில் வானிலிருந்து குதிப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அபூர்வமாகத்தான் நடந்திருக்கிறது. 2025-ல் அமெரிக்க ராணுவமே இதைக் கணக்குப் பார்த்தது. ஜம்ப் படி, அதாவது குதிப்பதற்கான கூடுதல் சம்பளம், வாங்குகிற சுமார் 56,000 இடங்களில் ஏறக்குறைய 20,000-ஐக் குறைக்க முடிவு செய்தார்கள். அதில் ஆதரவு வேலைகள் நிறையவே அடங்கும். எல்லாரையும் விமானத்தில் ஏற்ற முயன்றால் உண்மையில் குதிக்க வேண்டியவனுக்குப் பயிற்சி விமானம் கிடைக்காது என்பதுதான் காரணம். எனக்கு அந்த முடிவில் சம்மதமே. ஆனால் அதை ‘ஆதரவு ஆட்கள் யாரும் குதிக்க வேண்டாம்’ என்று வாசிப்பது தப்பு. முதல் அலையில் போகிறவர்களோடு கொஞ்சம் பேர் போயே தீர வேண்டும். 1971 வங்கதேசப் போரில், டிசம்பர் 11 அன்று அங்குள்ள டாங்கைலில் நம் 2 பாரா பட்டாலியன் குதித்தபோது பீரங்கிக்காரர்களும் இஞ்சினியர்களும் மருத்துவக் குழுவும் கூடவே இறங்கினார்கள்.

நான் நர்சிங் அசிஸ்டென்ட். மருத்துவப் பிரிவுக்கு இது உண்மையில் உதவுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இந்திய ராணுவத்தில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஒரு டாக்டர். ஏ.ஜி. ரங்கராஜ், பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. வருடம் 1941. பத்து வருடம் கழித்து, கொரியப் போரில் அவர் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவப் பிரிவின் தலைவர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க 187-வது வான்வழிப் படை குதித்தபோது, இவருடைய ஆட்கள் சுமார் ஒரு டஜன் பேர் அறுவை சிகிச்சைக் குழுவாக அவர்களோடு குதித்தார்கள். அந்தப் போரில் செய்த சேவைக்காக அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

குதித்து இறங்குகிற இடத்தில் முதல் நிமிடத்திலேயே கணுக்கால் முறிந்தவர்கள் இருப்பார்கள், எதிரி சுடவே வேண்டாம். ஆம்புலன்ஸ் வண்டி வர ரோடு திறந்திருக்காது. அதனால் ஆதரவு வேலைகளிலேயே ஜம்ப் தெரிந்தால் உண்மையான பலன் தருவது மருத்துவம்தான் என்பேன். தாராளமாகப் போங்கள்.

குதிப்பதே வேலையின் பகுதியாக இருக்கிற ஆதரவு வேலை ஏதாவது உண்டா?

பாராசூட் மடிக்கிறவர்கள், அதாவது ரிக்கர்கள். அமெரிக்க ராணுவத்தில் ரிக்கர் பயிற்சியின்போது தான் மடித்த பாராசூட்டிலேயே குதித்துக் காட்ட வேண்டும். மடிப்பில் அலட்சியம் வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை!

வயது 36. முழங்கால் கொஞ்சம் தகராறு. சமாளிக்கலாமா?

டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவத்தின் பழைய டி-10 பாராசூட்டில் வினாடிக்கு 22 அடிக்கும் மேல் வேகத்தில் தரை வரும். இப்போதைய டி-11-ல் 19 அடி அளவு. குறைவுதான், ஆனாலும் ஆளுயரச் சுவரிலிருந்து குதிக்கிற மாதிரி ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டைச் சமாளிக்கத்தான் பயிற்சியில் மணிக்கணக்காக உருள வைப்பார்கள். இரண்டு பாதமும் முட்டியும் ஒட்டியிருக்கும். முன்பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகத் தரையில் பட்டு உருள வேண்டும். பயந்து ஒரு காலை முன்னால் நீட்டுகிறவனுக்குத்தான் முறிவு. என் கூடக் குதித்த ஒருவர் ஐந்தாவது ஜம்பில் அப்படி நீட்டினார். ஆறு மாதம் கட்டு. திரும்பி வந்தபோது அவர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஒருமுறை விங்ஸ் வாங்கினால் போதுமா?

போதாது. அமெரிக்காவில் மூன்று வாரப் பயிற்சியில் ஐந்து ஜம்ப் முடித்தால் விங்ஸ். அப்புறம் ஜம்ப் படி தொடர வேண்டுமானால் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குதிக்க வேண்டும். ஒவ்வொரு ஜம்புக்கும் ஒரு முழு நாள் போகும்: காத்திருப்பு, பாராசூட் மாட்டுவது, சோதனை, காற்று அதிகம் என்று ரத்து. அன்று ஒர்க்‌ஷாப்பில் வண்டிகள் அப்படியே நிற்கும். இந்தச் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை.

தைரியம் வரும், ஆளே மாறிவிடுவான் என்கிறார்களே?

கதவில் நிற்கும் அந்த நாலு விநாடி எதையோ மாற்றுகிறது, மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய லாபம், காலாட்படைக்காரன் உங்களைத் தன் ஆளாகப் பார்ப்பது. ‘நம்ம மெக்கானிக்’ என்பான். ஆனால் ஜம்ப் நன்றாகத் தெரிந்து, எஞ்சின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லத் தெரியாத மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன். தொழில் கோர்ஸும் ஜம்ப் கோர்ஸும் ஒரே மாதத்தில் வந்தால் தொழில் கோர்ஸுக்குப் போங்கள்.

கதவு வரை போய் மனம் மாறினால் என்ன ஆகும்?

பயிற்சியில் மறுத்தால் பழைய யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கேலி இருக்கும். விங்ஸ் வாங்கிய பிறகு மறுப்பது வேறு சமாச்சாரம், பல ராணுவங்களில் அது கட்டளை மீறல். அதனால் சந்தேகம் இருந்தால் முதல் வாரத்திலேயே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் இதை முதல்முறை கேட்கப் போவதில்லை.